பெதஸ்டாவில் வீற்றிருக்கும் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்குக் கொக்குவிலில் இருந்து ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய ஆணைக்குழுவினருக்கு,

விடயம்: தொட்டில் பம்பர்

அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு என்ற தங்கள் திருநாமத்தை நான் அறிய நேர்ந்தது ஒரு பெட்டியால். மருமகளின் ஒன்றுவிட்ட தமக்கை நியூ ஜேர்சியில் இருந்து அனுப்பியது. சொக்கிளேற், சவர்க்காரம், எனக்கு இரண்டு பனியன், அடியில் யானைப் படம் போட்ட நாலு நீளத் திண்டுகள். மூலைக்கு மூலை நாடா. தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டுவதாம், பெயர் பம்பராம். "பேத்திக்குத் தலை அடிபடாது மாமா" என்றாள் தொலைபேசியில். தன் பிள்ளைகளுக்குக் கட்டியதாம். இங்கே பட்டணத்துக் கடைகளிலும் இதே சாமான் நுளம்பு வலைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

வீட்டில் கட்சி பிரிந்தது. "இவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பினதைக் கட்டாமல் விட்டால் அவையள் என்ன நினைப்பினம்?" என்பது மனைவியின் பாதுகாப்புக் கொள்கை. நிறை பார்க்க வந்த குடும்ப நல உத்தியோகத்தர் தொட்டிலை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்டும் வேண்டாம் அம்மா. இறுக்கமான மெத்தை, ஒரு விரிப்பு, பிள்ளை. நிமிர்த்திப் படுக்க வையுங்கோ." மருமகள் வாய் திறக்கவில்லை. ஆகவே தங்கள் சரித்திரத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்து மெய்சிலிர்த்தேன். அந்தக் காலத்துத் தொட்டில்களில் கம்பிகளுக்கிடையே பிள்ளையின் தலையே போகுமளவு இடைவெளி. அதை மறிக்கத்தான் திண்டு. 1973-இல் தாங்கள் விதி வகுத்தீர்கள்: இடைவெளி 6 சென்ரிமீற்றர் அளவைத் தாண்டக்கூடாது. சோடாப் பேணி நுழையாத அளவு. புதுத் தொட்டில்களில் தலை மாட்டும் பயம் போயிற்று. திண்டின் வேலையும் போயிற்று. வேலை போன பிறகும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கதிரையை விடாமல் இருந்த உத்தியோகத்தர் எங்கள் கச்சேரியிலும் கிடையாது.

அந்த உத்தியோகத்தர் சும்மாவும் இருக்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவர் பிராட்லி தாச்சும் கூட்டாளிகளும் தங்கள் கோப்புகளையே புரட்டி, 1985 முதல் 2005 வரை பம்பரால் 27 சிசுக்கள் இறந்ததை 2007-இல் எழுதினார்கள். உருண்டுபோன பிள்ளையின் முகம் பஞ்சில் அழுந்துகிறது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. தலையைத் திருப்பும் பலம் அதற்கு இன்னும் வரவில்லை. சில பிள்ளைகள் திண்டுக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்கினார்கள். சிலருக்கு நாடா கழுத்தில் சுற்றியது. பம்பர் தடுக்கக்கூடியதோ கண்டலும் சிராய்ப்பும். உற்பத்தியாளர் தரப்பின் பதில் இன்னும் அழகு: அந்தத் தொட்டில்களில் தலையணையும் போர்வையும் கூட இருந்தனவே என்றார்கள். கூட்டாளியோடு வந்த கள்ளனை விடுதலை செய்யும் சட்டம் அது.

2011-இல் சிக்காகோ நகரம் விற்பனையைத் தடுத்தது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பம்பர் வேண்டாம் என்றது. 2013-இல் மேரிலன்ட் மாநிலம் தடுத்தது. பெதஸ்டா எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். மேரிலன்ட்! மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினால் தங்கள் வாசல் தெருவில் விற்க முடியாத திண்டை, தாங்கள் மாடியில் இருந்து ஒன்பது வருடம் ஆராய்ந்திருக்கிறீர்கள். 2020-இல் முன்மொழிந்ததும் தடை அல்ல, காற்று எவ்வளவு புகவேண்டும் என்ற விதி. கடைசியில் காங்கிரஸ் பொறுமை இழந்து தடைச் சட்டம் இயற்றியது. 2022 மே 16-இல் ஜனாதிபதி ஒப்பமிட்டார், நவம்பர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. 1990 முதல் 2019 வரை பம்பர் சம்பந்தப்பட்ட இறப்பு 113 என்பது தங்கள் சொந்தக் கணக்கு. எத்தனையாவது சிசுவோடு முடிவெடுக்கலாம் என்று அட்டவணை ஏதும் இருந்தால் ஒரு பிரதி அனுப்பியுதவவும்.

அந்த 2022-இல் எங்கள் நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இறக்குமதி முடங்கியதால் திறைசேரியே ஒரு பாதுகாப்பு ஆணைக்குழுவாய் இயங்கியது. இப்போது டொலர் வந்துவிட்டது, யானைகளும் வந்துவிட்டன. எங்களுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை என்றொன்று உண்டு. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை 70 ரூபாய்க்கு மேல் விற்றால் வழக்கு. தாகத்துக்கு நாங்கள் பயப்படத் தேவையில்லை.

தங்கள் சட்டம் கடைக்காரனைத்தான் பிடிக்கிறது, பாசத்தைப் பிடிப்பதில்லை. நியூ ஜேர்சியில் விற்க முடியாதது இலவசமாய், முத்தத்தோடு, கடல் தாண்டி வருகிறது. இங்கே சோளகம் அடிக்கிற ஆனியிலும் பஞ்சுச் சுவருக்குள் காற்று எட்டிப் பார்க்காது என்பதைப் பெட்டி கட்டியவர் மறந்துவிட்டார். அவரும் கொக்குவிலில் வியர்த்து வளர்ந்தவர்தான்.

எங்கள் ஏணைதான் உத்தமம் என்று எழுதத் துடித்தேன். பழைய நூற்சேலை, வளையில் ஒரு கயிறு, பம்பர் கட்ட இடமே இல்லை. ஆனால் அதே சட்டம் 10 பாகைக்கு மேல் சரிந்த குழந்தை உறங்கிகளையும் தடுக்கிறதே! நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சுவழி மடங்கும் என்ற காரணம் சேலைக்கும் பொருந்தும். ஆகவே ஆள் பார்த்திருக்கும் பகலுக்கு மட்டும் ஏணை, இரவுக்கு வெறுந்தொட்டில் என்று நானே ஒரு வர்த்தமானி வெளியிட்டேன். மனைவி இன்னும் ஒப்பமிடவில்லை.

பம்பரைக் கழற்றியாயிற்று. அனுப்பியவருக்குக் காட்ட ஒரு படம் எடுத்தோம்: நாலு யானையும் தொட்டிலில், பேத்தி மருமகளின் மடியில். பிறகு திண்டுகளை என் சாய்மனைக் கதிரையில் முதுகுக்குக் கட்டிக்கொண்டேன். கதிரையின் சரிவு 10 பாகைக்கு மிக அதிகம். வயது ஒன்றைத் தாண்டியவர் என்ற முறையில் எனக்கு விலக்கு உண்டா என்பதை, இன்னும் ஒன்பது வருடம் ஆராயாமல், பதில் தபாலில் அறியத் தரவும்.

தங்கள் பணிவுள்ள,
ஓர் அப்பப்பா,
கொக்குவில்