புலி நீங்கலாக

ஒரு நாவலாசிரியரிடம் அபிமானம் கொண்டவர்கள் அவருடைய நூலை வாங்கிப் படித்து, படித்ததைப் பற்றி நாலு பேரிடம் பேசி, அதனோடு திருப்தியடைந்து வீட்டில் இருந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் மனித சுபாவத்தை அறியாதவர்கள். 1774-ல் கதே என்ற ஜெர்மானிய ஆசிரியர் 'வெர்தர்' கதையை வெளியிட்டபோது, அந்நாட்டு வாலிபர்கள் கதாநாயகனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உட்சட்டையும் தைப்பித்துப் போட்டுக்கொண்டு வீதியில் உலாவினார்கள். அவனுடைய சோகக் காட்சிகள் பீங்கான் கோப்பைகளில் ஏறின. 1836-ல் டிக்கன்ஸின் 'பிக்விக்' மாதந்தோறும் வெளிவரத் தொடங்க, சிறிது காலத்தில் லண்டன் கடைகளில் பிக்விக் தொப்பியும் பிக்விக் சுருட்டும் விலைப்பட்டன. ஆகவே, மன்னாரில் எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் 'பொன்னியின் செல்வன்' இலச்சினை பொறித்த ரீசேர்ட் அடிப்பிக்க வேண்டும் என்று பிரேரித்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் முகத்தைச் சுளிக்கக் கடமைப்பட்டவனாயிருந்தும், உலக இலக்கிய சரித்திரத்தை உத்தேசித்து நான் சுளிக்காமல் விட்டேன்.

அந்த நாவலுக்கும் எங்கள் கரைக்கும் உள்ள சம்பந்தம் பலர் நினைப்பதைவிட நெருக்கமானது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் அது வாராவாரம் வந்துகொண்டிருந்த காலத்தில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-ல் ஆரம்பித்த கப்பற் சேவை நல்ல நிலையில் இருந்தது; 'இர்வின்', 'கோஷன்' என்ற நீராவிக் கப்பல்களை அறிந்த கிழவர்கள் இன்னும் தலைமன்னார்ப் பக்கம் இருக்கிறார்கள். என் தகப்பனார் அத்தியாயங்களைப் பக்கம் பக்கமாகக் கத்தரித்து, மணியத்தின் சித்திரங்களில் ஊசி படாதபடி ஓரம் விட்டுத் தடித்த நூலால் தைத்து, பழைய காற்சட்டைத் துணியால் மேலட்டை போட்டு வைத்திருந்தார். நந்தினி வரும் பாகத்தின் முதுகில் காற்சட்டைப் பொத்தான் ஒன்றும் தப்பிப் பிழைத்திருந்தது. அக்காலத்து அபிமானிகள் கதையின் நிமித்தம் செய்வித்த பொருட்கள் இரண்டேயிரண்டு: ஒன்று இவ்விதம் கட்டிய புத்தகம், மற்றது வானதி, பூங்குழலி, குந்தவை என்று பெயரிடப்பட்ட பெண் குழந்தை. பின்னதை அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது என்பதைத் தவிர, இரண்டிலும் குறை சொல்வதற்கில்லை.

கதையே எங்கள் மாதோட்டத்துக்கு வருகிறது என்பது இங்குள்ள வாசகர்களின் பெரிய கர்வம். இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துப் போய் எழுதிய கல்கி, குந்தவையின் ஓலையைச் சுமந்துவரும் வந்தியத்தேவனை இந்தக் கரையில் நடமாட விட்டிருக்கிறார். கதையை விட்டாலும் சரித்திரம் இருக்கிறது. தாழி குமரன் என்ற சோழ அதிகாரி மாதோட்டத்தில் ராஜராஜேஸ்வரம் என்று ஒரு கோயில் எழுப்பினான். ஊருக்கே ராஜராஜபுரம் என்று பெயர் வழங்கியது. அதைச் சொல்லும் கல்வெட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. அபிமான ஆசிரியரின் கதாநாயகன் வளர்ந்து ராஜராஜன் என்ற அரசனாகித் தங்கள் ஊரின் பெயரையே மாற்றினான் என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் வெர்தர் ரசிகர்களுக்கோ பிக்விக் ரசிகர்களுக்கோ கிட்டியதில்லை.

ஆகையால் இலச்சினை எது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. சோழர்களே இந்த வித்தையில் நமக்கெல்லாம் முன்னோடிகள். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் 31 ஏடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையைப் பாருங்கள்: புலி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு மீன்கள், கீழே வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். அடக்கிய பாண்டியனையும் சேரனையும் தன் சின்னத்துக்குள்ளேயே பணியாட்களாக நிறுத்திக்கொண்ட இந்தத் துணிவு இக்காலத்து விளம்பரக்காரர்களுக்குக்கூட வராது. வட்டத்துப் பிள்ளையொருத்தி அதை அழகாக வரைந்தும் கொடுத்தாள். நாங்கள் அச்சடிக்கும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு கடைவாசலைப் பார்த்தார். பிறகு படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"சேர், புலி ஏலாது."

"இது சோழற்ற புலி" என்றேன். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்றும், ராஜராஜ சோழனுடையது என்றும் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தேன்.

"எனக்கு விளங்குது சேர். போடுற பிள்ளையளுக்கும் விளங்கும். றோட்டில மறிக்கிறவருக்கும் விளங்க வேணுமே? அவருக்கு நீங்கள் நிண்டு ராஜராஜ சோழனைப் படிப்பிக்கப் போறியளோ?"

நாற்பது வருஷம் படிப்பித்தவனுக்கு இதற்குமேல் பதில் சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் எந்தப் புலியின் சின்னத்தைத் தரிப்பது குற்றம் என்பதையும், 2009-க்குப் பிறகும் அந்த விஷயத்தில் யாருக்கும் விளையாட்டு மனநிலை கிடையாது என்பதையும் நான் அறிவேன். வேடிக்கை என்னவென்றால், இத்தீவின் காடுகளில் புலி என்ற பிராணியே இல்லை, உள்ளது சிறுத்தை. 2022-ல் மணிரத்னத்தின் படம் வந்தபோது இந்நாட்டுத் திரையரங்குகளில் அதே புலி கொடி கொடியாகப் பறந்தது. டிக்கட் எடுத்தவர்களை ஒருவரும் மறிக்கவில்லை. திரையில் பறக்கலாம், மார்பில் உட்காரலாகாது என்பது போலும் விதி. எங்களுள் ஒரு பையன், "வரியை அழிச்சுப்போட்டுப் புள்ளி வைப்பம், சிறுத்தையெண்டு சொல்லலாம்" என்று யோசனை சொன்னான். சோழ வம்சத்தைச் சிறுத்தையாக்கும் அந்த யோசனை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

புலி நீங்கலாக முத்திரையில் எஞ்சியவை மீனும் வில்லும். மீனைப் போடலாமென்றால், அது பாண்டியனுடையது; வீரபாண்டியனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனின் கதைக்கு அதைப் போடுவது துரோகம் என்று ஒரு கட்சி கிளம்பிற்று. மறு கட்சியின் ஆக்ஷேபம் லௌகிகமானது: மன்னாரில் மார்பில் மீனோடு போகிறவனைக் கண்டால் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழா என்றுதான் சனங்கள் எண்ணுவார்கள்.

குதிரையேறிய வந்தியத்தேவனை அடிப்போம் என்று மாதிரிக்கு ஒன்று அடித்தார்கள். படத்தைச் சிறிதாக்கியதில் குதிரையின் கால் குறுகிக் காது நீண்டுவிட்டது. வேறு ஊராயிருந்தால் இது பெரிய குற்றமல்ல. ஆனால் பஸ் நிலையத்திலும் கச்சேரி வாசலிலும் கழுதைகள் சர்வ சுதந்திரமாகப் படுத்துறங்குகிற, அவற்றுக்கென்றே வைத்தியசாலையும் கண்ட எங்கள் பட்டினத்தில், கழுதையைக் கழுதையென்று அறியாதவர் கிடையாது. வந்தியத்தேவன் தலைமறைவானான்.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் போடலாம், ஊருக்கும் பெருமை என்று ஒருவர் சொன்னார். அடிமரம் சுற்றளவு 19.5 மீற்றர், ரீசேர்ட்டின் முன்புறம் முழுவதையும் நிரப்பும். ஆனால் அது 1477-ல் அராபிய வணிகர் நட்டதென்று அங்குள்ள பலகை சொல்கிறது; கதை நடப்பதோ அதற்கு ஐந்நூறு வருஷம் முந்தி. சரித்திர நாவலின் ரசிகர்கள் காலவழுவை மன்னிக்கமாட்டார்கள். ஆசிரியர் செய்தால் மன்னிப்பார்கள்.

பூங்குழலியின் படகு ஒன்றே எல்லோருக்கும் பிடித்திருந்தது. படத்தை எங்கள் அயலிலுள்ள சம்மாட்டியார் ஒருவரிடம் காட்டினேன். நாவலை அவர் படித்தவரல்லர். ஆகையால் படகை மட்டும் பார்த்தார். அணியமும் கடையாரும் ஒரே மாதிரி இருக்கிறதே, இது எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்தார். கோடிக்கரையிலிருந்து ஒரு பெண் தனியே துடுப்பு வலித்து இலங்கைக்கு வருகிறாள் என்றேன்.

"எந்த மாசம்?"

ஆடிப் பெருக்கில் ஆரம்பிக்கும் கதை என்று கணக்குப் பார்த்து, ஆவணி அளவில் இருக்கலாம் என்றேன்.

"சோழகக் காத்தில எதிர்க்க வலிச்சு வந்தவவோ?" என்று அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர்ற மகள் அது?"

எழுபது வருஷமாகப் பேராசிரியர்கள் எழுதிய பூங்குழலி பாத்திர ஆராய்ச்சிகளில் இதற்கு நிகரான பாராட்டை நான் கண்டதில்லை. இருந்தாலும் அணியம் எது, கடையார் எது என்று தெரியாத படகை அவர் கண்முன் அணிந்து திரிய எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியில் ஓலை தேறியது. ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலை, குந்தவை கொடுத்த ஓலை என்று கதை முழுவதும் ஓலையால் நடக்கிறது. பனைக்கு இங்கே பஞ்சமில்லை. எந்த அரசியலும் அதற்குக் கிடையாது. மண்ணிறத் துணியில், இடது மார்பின்மேல், இளமஞ்சள் ஓலை. அடியில் பொடி எழுத்தில் 'மாதோட்டம்'. மீடியம் அளவு கேட்டவர் வெகு சிலரே. இந்த நாவலை ஐந்து பாகமும் உட்கார்ந்தபடி படித்தவர்களின் தேகத்தில் அதன் விளைவு பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

ரீசேர்ட் வந்தது, நன்றாகவே வந்தது. போட்டுக்கொண்டு திருக்கேதீச்சரத்துக்குப் போன அன்று, பாலாவிக் கரையில் ஒரு மூதாட்டி என்னை நிறுத்தி, "என்ன தம்பி, நெஞ்சில ஒப்பரேசனோ? பிளாஸ்டர் ஒட்டியிருக்கு" என்று மிகுந்த அனுதாபத்துடன் விசாரித்தார். எழுபது வயதில் தம்பி என்று அழைக்கப்பட்ட சந்தோஷத்தில் நான் மறுக்கவில்லை.

இந்த வெற்றியின் பேரில் வட்டத்தில் இப்போது பல்லவ கட்சி எழுந்திருக்கிறது. அடுத்தது 'சிவகாமியின் சபதம்' என்கிறார்கள். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அவையளுக்கு என்ன மிருகம் சேர்?" என்றார்.

"காளையும் உண்டு, சிங்கமும் உண்டு" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "சிங்கமோ! அதை முதலே சொல்லியிருக்கலாமே. பெப்ரவரி நாலுக்கு அடிச்ச ஸ்கிரீன் அப்பிடியே கிடக்கு, புதுசா வெட்டத் தேவையில்லை, காசும் குறையும்." உள்ளே எழுந்து போனவர் கதவடியில் நின்று திரும்பிக் கேட்டார்:

"வாள் இருக்கட்டோ, எடுக்கிறதோ?"