ஒரகடம் வட்டாரத்தில் சோறூட்டல்: இடுப்புக் கோட்பாடும் இருக்கைக் கோட்பாடும்

குழந்தைக்குச் சோறூட்டும் முறைகள் இரண்டே. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஊட்டுவது இடுப்புக் கோட்பாடு. ஹை சேரில் பெல்ட் போட்டு உட்காரவைத்து ஊட்டுவது இருக்கைக் கோட்பாடு. ஆய்வுக்கு இந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010இல் ரெனோ–நிசான் கூட்டணி தொடங்கிய ஒரகடம் ஆலையும் கார் செய்கின்றன. ஊர் உலகத்துக்கெல்லாம் சீட்டும் பெல்ட்டும் மாட்டி அனுப்பும் மண்ணில், ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைக்க ஆளில்லை.

இடுப்புக் கோட்பாடு ஒரு நகரும் அசெம்பிளி லைன். வாசலில் காகம், தெருமுனையில் நாய், சிப்காட் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிப் போகும் டிரெய்லர். "அதோ பார்டா கண்ணு, ஆ காட்டு!" டிரெய்லர் வரத் தாமதமானால் லைன் நின்றுவிடும். 1913இல் ஹென்றி ஃபோர்டு நகரும் லைனை நிறுவியது நம் ஆயாக்களைப் பார்த்துத்தான் என்பது என் துணிபு. அவர் கம்பெனி பிற்பாடு மறைமலை நகருக்கு வந்தது நன்றிக்கடனாக இருக்கலாம்.

எதிர்த்தரப்புக்கும் வலு உண்டு. வாயில் சோற்றோடு ஆடி ஓடினால் புரையேறும். நிமிர்ந்து உட்கார்ந்து தின்பதே நல்லது. ஏறக்குறைய ஆறு மாதத்தில், பிடிமானமில்லாமல் உட்காரும் குழந்தையை ஹை சேரில் ஏற்றலாம். கால்களுக்கு நடுவே வரும் பட்டையை மட்டும் விடக்கூடாது. விட்டால் தட்டுக்கடியில் வழுக்கி இறங்கிவிடும்.

சிக்கல் வேறிடத்தில். 1972இல் நார்வேக்காரர் பீட்டர் ஓப்ஸ்விக் 'டிரிப் டிராப்' நாற்காலியைச் செய்தது, குழந்தை பெரியவர்களோடு சாப்பாட்டு மேசையில் சரிசமமாக உட்காரட்டும் என்றுதான். பக்கத்துப் படப்பையில் வாடகை வீட்டில் மேசை ஏது? எல்லோரும் தரையில் தட்டோடு உட்கார்ந்திருக்க, குழந்தை மட்டும் மேலே. தாத்தாவின் வழுக்கையில் பருப்புச் சோறு விழுகிறது. கீழே விழுந்த ஸ்பூனை எடுத்துக் கொடுக்க மூன்று தலைமுறை குனிகிறது. சமத்துவத்துக்காகச் செய்த நாற்காலி முடியாட்சியை நிறுவிவிட்டது. இதை எந்த உற்பத்தியாளரும் அட்டைப்பெட்டியில் அச்சிடுவதில்லை.

தீர்வு கண்டவர் சி ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு லைன் டெக்னீஷியன். பிளாஸ்டிக் ஹை சேரின் நாலு காலையும் கழற்றித் தரையில் வைத்தார். "கைசன்மா" என்றார் மாமியாரிடம்; ஆலை மொழியில் சிறு சிறு மேம்பாடு. இப்போது குழந்தையின் முகமும் தாத்தாவின் முகமும் ஒரே மட்டத்தில். உற்பத்தி சீரானது, ஒரே குறை, தாத்தாவின் தட்டிலுள்ள அப்பளம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.