இருவர் கூடாரத்தில் எத்தனை பேர்?

முதுகில் சுமக்கும் கூடாரத்தின் முதல் பொய் அதன் பெயரிலேயே இருக்கிறது. ‘இருவர் கூடாரம்’ என்பதன் தரை பெரும்பாலும் 130 சென்டிமீட்டர் அகலம்தான். மலையேறிகள் விரிக்கும் பாய் ஒன்று 51 சென்டிமீட்டர். இரண்டைப் போட்டால் மிச்சம் ஒரு சாணும் கொஞ்சமும். இரண்டு பைகள், நான்கு ஈரக் காலணிகள், பகலில் வழி தவறியது யாரால் என்ற வழக்கு, எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். நட்பு நீடிக்க விரும்பும் இருவர் வாங்குவது மூவர் கூடாரம்.

கடைகளில் மூன்று பருவம், நான்கு பருவம் என இரு சாதிகள் உண்டு. நான்காவது பருவம் பனிப்பொழிவு. அதன் பாரத்தைத் தாங்கத் தடித்த கம்பிகளும், வலைக்குப் பதிலாகத் துணிச் சுவரும் வைப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தால் உள்ளே இட்லி அவிக்கலாம்; மாவு, படுத்திருப்பவரேதான். ஊட்டியின் மார்கழி உறைபனிக்கு வேண்டியது நல்ல ஸ்லீப்பிங் பேக். கூடாரம் காற்றையும் மழையையும் தடுக்கும், கணப்பு மூட்டாது.

இங்கே உண்மையான பரீட்சை மழைதான். துணியின் மேல் நிற்கும் நீர் எந்த உயரத்தில் கசியத் தொடங்குகிறதோ, அதையே மில்லிமீட்டரில் அச்சிடுகிறார்கள். மேல்விரிப்புக்கு 1500 போதும். தரைக்குக் கூடுதலாக வேண்டும். முழங்காலை ஊன்றுகிறவரின் எடை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. ஆனால் 3000 என்ற எண்ணில் மயங்குபவர்கள் தையலைப் பார்க்க மறந்துவிடுவார்கள். ஊசி போன ஓட்டைகளை நாடா ஒட்டி அடைக்காவிட்டால் அது விலையுயர்ந்த சல்லடை. உள்ளறையை முதலில் கட்டும் வகையில் இன்னொரு வேடிக்கை: கூரை ஏறுவதற்குள் வீட்டுக்குள் குளம். கொட்டும் மழையில் கட்ட நேர்ந்தால், கூரையை முதலில் ஏற்றும் வகையே உதவும்.

விடியலில் உட்புறம் சொட்டினால் விற்றவரைத் திட்டுவது மரபு. பெரும்பாலும் குற்றவாளி, இரவெல்லாம் மூச்சு விட்டவர். மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிகிறது. வலைச் சுவரும் அதன்மேல் தனி விரிப்பும் இருந்தால் அந்தத் துளி ஆள்மேல் விழுவது குறையும். நைலான் இன்னொரு குணம் கொண்டது: நனைந்தால் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இறுக்கும் பொறுப்பு எப்போதும் வாசலோரம் படுத்தவருக்கே. பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமென்றால், இரண்டு கிலோ கூடாரம் எம்மாத்திரம்? தானாக நிற்கும் வகைக்கும் முளையும் இழுகயிறும் கட்டாயம். கம்பி அலுமினியமாக இருந்தால் வளையும். ஃபைபர் கண்ணாடி பிளந்து சிலாம்பாகக் கையில் ஏறும். சுமையைப் பிரிக்கும்போது துணி ஒருவரிடமும் கம்பி மற்றவரிடமும் போகும். முளைகள் யாரிடம் என்பது உச்சிக்குப் போன பிறகே தெரியவரும்.

திரும்பியதும் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சு பிசுபிசுத்து நாறும். மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தவேண்டும். எதிர்வீட்டார் பந்தல் என்று நினைத்து என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.