படலைச் சாத்தறதுக்கு முன்னால, மாப்ள

ஏம் மாப்ள, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கப் போறியாமா? மொதக் கூட்டத்துலயே "இந்திக்காரனுகள ரெயிலேத்தி அனுப்புவேன்"னு பேசறதா ஏற்பாடுன்னு டீக்கடைல சொன்னாங்க. நல்ல யோசனை. மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டியேன்னுதான் வருத்தம். திண்ணைல குந்தி தெனம் மூணு பேப்பர் படிக்கறவன் உன்ற அரசியலுக்கு ஒதவ மாட்டனா?

இது நீ புதுசாக் கண்டுபுடிச்ச சரக்குன்னு நெனச்சுக்காதே. அமெரிக்காவுல பெஞ்சமின் பிராங்கிளின்னு ஒரு பெரிய மனுசன் 1751லயே பொலம்பி வெச்சிருக்காரு. பென்சில்வேனியாவுக்கு ஜெர்மன்காரன் கூட்டங்கூட்டமா வர்றான், போற போக்கப் பாத்தா நம்மளையே ஜெர்மன்காரனா மாத்திப் போடுவான்னு. அதே ஜெர்மனில இருந்து 1885ல 16 வயசுப் பையன் ஒருத்தன் நியூயார்க்ல எறங்குனான். முடி வெட்டற தொழில் பழகுனவன். நாலு காசு பாத்துட்டு, பொண்டாட்டி புள்ளையோட சொந்த ஊருக்கே திரும்பிரலாம்னு போனான். பட்டாளத்துக்கு டிமிக்கி குடுத்துட்டு ஓடுனவன் நீன்னு சொல்லி, 1905ல பவேரியா அரசாங்கம் வெளிய போகச் சொல்லிருச்சு. கெஞ்சிக் கூத்தாடி மனு எழுதியும் நடக்கல. பொறந்த ஊர்லயே வெரட்டுப்பட்ட அந்த மனுசனோட பேரன்தான் டிரம்ப். தாத்தன் வாங்குன அடிய ஊர்க்காரங்களுக்கெல்லாம் பங்கு வெக்கறாரு போல.

சீனாக்காரன் கதை சின்னக் கதைதான். மலையக் கொடஞ்சு ரெயில் ரோடு போட ஆயிரக்கணக்குல சீனக் கூலிங்க வேணும்னாங்க. 1869ல தண்டவாளம் முடிஞ்சுது. 1882ல, இனிமேப்பட்டுச் சீனக் கூலி உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. 1943ல, உலகச் சண்டைல சீனா கூட்டாளியாயிட்டதால சட்டத்த எடுத்தாங்க. எடுத்துட்டு, வருசத்துக்கு 105 பேர் வரலாம்னாங்க. உன்ற கம்பெனில ஒரு ஷிப்ட்டுக்கே அது பத்தாது.

நீ கத்துக்க வேண்டியது மெக்சிகோ கதை. 1942ல ஆம்பளைங்கெல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க, காட்டு வேலைக்கு ஆளில்ல. மெக்சிகோவோட ஒப்பந்தம் போட்டு ஆளுங்களக் கூட்டியாந்தாங்க. 1964 வரைக்கும் அது நடந்துச்சு. நடுவுல 1954ல, அதே அரசாங்கம் அதே மெக்சிகோக்காரனுகள வளைச்சுப் புடிச்சு லாரிலயும் ரெயில்லயும் கப்பல்லயும் ஏத்தி அனுப்புச்சு. அதுக்கு முன்னால, புடிபட்டவன எல்லை வரைக்கும் கொண்டுபோயி, கைல ஒரு காயிதத்தக் குடுத்து, பழைய தோட்டத்துக்கே திருப்பி அனுப்புனதும் உண்டு.

நம்ம காட்டுல ஆட்டுப்பட்டி போடுவமல்ல, அப்படித்தான். ராத்திரி பூரா ஆடு நம்ம மண்ணுல படுக்கோணும், புழுக்கை போடோணும். விடிஞ்சா, "எவண்டா ஆட்ட உள்ள உட்டது"ன்னு கத்தோணும். ஆளுங்கள ஆட்டோட சேத்துப் பேசறேன்னு கோவிச்சுக்காதே. பட்டிக்காரனுக்காச்சும் நாம கூலி நெல்லு அளந்தோம்.

1986ல ரீகன் காலத்துல ஒரு சட்டம் போட்டாங்க பாரு, அதத்தான் நான் மெச்சறேன். காயிதம் இல்லாம இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட 27 லட்சம் பேருக்குக் காயிதம் குடுத்தாங்க. இனிமே காயிதம் இல்லாதவன வேலைக்கு வெக்கற மொதலாளிக்கும் அபராதம்னாங்க. எப்ப? "தெரிஞ்சே" வெச்சாத்தான். அந்த ஒரு வார்த்தை இருக்குதே, அதுக்குள்ள ஒரு லாரியே பூந்து வெளிய வரும். அட்டை காட்டுனான், நான் நம்புனனுங்கன்னாச் சோலி முடிஞ்சுது. உன்ற கம்பெனில பி.எஃப். ரெஜிஸ்டர்ல எத்தனை பேரு, சனிக்கெழமை சம்பளம் வாங்கறது எத்தனை பேருன்னு நான் என்னிக்காச்சும் கேட்டிருக்கனா? ஓவர்லாக் மிசின்ல இருக்கற அந்தப் பையன் பேரு என்னன்னு நீதான் கேட்டிருக்கியா?

டிரம்ப்பே தடுமாறுனாரு மாப்ள. 2025 ஜூன்ல, தோட்டக்காரங்களும் ஓட்டல்காரங்களும் பழைய ஆளுங்கள இழக்கறோம்னு பொலம்பறாங்கன்னு அவரே எழுதுனாரு. தோட்டம் தொரவுல காயிதம் இல்லாதவனத் தேடி ரெய்டு போக வேண்டாம்னு உத்தரவு போச்சு. நாலஞ்சு நாள்ல அதுவும் ரத்து. கத்தறது ஓட்டுக்கு, உடறது சோத்துக்கு. ரெண்டையும் ஒரே வாரத்துல பண்ணுனா இப்படித்தான் ஆவும்.

உனக்கு இன்னொரு சிக்கலும் இருக்குது. உன்ற கம்பெனில இருக்கற பீகார்க்காரன் வெளிநாட்டான் இல்ல. இந்த நாட்டுல யாரும் எங்கயும் போலாம், குடியிருக்கலாம்னு அரசியல் சட்டத்துல 19வது பிரிவு சொல்லுது. வெளிமாநில ஆளுங்களுக்குன்னு 1979ல ஒரு சட்டம் வந்துச்சு. வேலைக்கு வெக்கறவன் பதிவு பண்ணோணும், கூட்டியாந்தவன் ஊருக்குப் போய்வர்ற செலவு குடுக்கோணும், தங்க எடம் குடுக்கோணும்னு அதுல இருந்துச்சு. அத மேடைல மறந்தும் எடுத்துராதே, அது உன்னையப் புடிச்சிருக்க வேண்டிய சட்டம்.

"தமிழன் வேலையத் திங்கறான்"னு பேசறதுன்னா, முன்னால மதுரை, தேனிப் பக்கத்து ஆளுங்க யாரும் நிக்காமப் பாத்துக்க. அவங்க திருப்பூருக்கு வந்தப்ப, இதே திண்ணைல உக்காந்து "தெக்கத்தியான் ஊரக் கெடுத்துப் போட்டான்"னு பேசுனது உங்கப்பனும் நானுந்தான். இப்ப அவங்க ரேசன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாம் நம்ம வார்டுலதான்.

அப்பறம் நியூஜெர்சில இருக்கற உங்கண்ணன். போன வாரம் போன் பண்ணிக் கண்ணீர் உட்டான். வருசத்துக்குக் குடுக்கற கிரீன் கார்டுல எந்த நாட்டுக்கும் நூத்துக்கு ஏழுக்கு மேல கெடையாதாமா, இந்தியாக்காரன் வரிசை நகரவே மாட்டேங்குதாமா. வேலை போச்சுன்னா 60 நாள்ல வேற பாக்கோணும், இல்லாட்டி மூட்ட கட்டோணும். 2025 செப்டம்பர்ல, வெளிநாட்டுல இருந்து புதுசா ஹெச்-1பி ஆள எடுத்தா ஒரு லட்சம் டாலர் கட்டுன்னு உத்தரவு வேற. "எத்தனை வரி கட்டியும் நம்மள வெளியாளாத்தாம் பாக்கறாங்க மாமா"ங்கறான். எனக்கும் மனசு கேக்கல. அன்னிக்கு ராத்திரியே குடும்பக் குரூப்புல "வடக்கனால தமிழ்நாடு அழியுது"ன்னு வீடியோ அனுப்பிச்சதும் அவன்தான். கூட்டத்துப் பேச்ச அவனுக்கு லைவ் போடு, சந்தோசப்படுவான்.

2023 மார்ச் ஞாபகம் இருக்குதா? தமிழ்நாட்டுல பீகார்க்காரங்கள வெட்டறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு. பசங்க பைய எடுத்துட்டு ரெயில்வே டேசனுக்குக் கெளம்பிட்டாங்க. போலீசு இந்தில பேசித் தைரியம் சொல்லுச்சு, பீகார்ல இருந்து அதிகாரிங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. உன்ற கம்பெனில ஷிப்மெண்ட் நின்னுபோச்சு. அன்னிக்கு ரூம் ரூமா பிரியாணிப் பொட்டலத்தோட போயி, "பையா, மத் ஜாவோ"ன்னு கையப் புடிச்சவன் நீ. இந்தி உனக்கு நல்லாத்தான் வருது.

கூட்டத்த ஞாயித்துக்கெழமை வெச்சுக்க. பந்தல் போடறதுக்கும் சேர் அடுக்கறதுக்கும் அந்தப் பசங்களத்தான் சொல்லிருக்கியாமா. நீ மைக்கப் புடிக்கறதுக்கு முன்னாலயே கூலியக் குடுத்துரு.