பேயறிவியல் படிக்கப் போன மருமகன்

ஹாலே, ஜெர்மனி
மார்கழி 5

மதிப்பிற்குரிய பொறையாற்று மாமா அவர்களுக்கு,

ஆய்வு நூல்களில் எழுதுபவர் தம்மைத் தன்மை இடத்தில் குறித்துக்கொள்வது அவையடக்கத்துக்கு ஒவ்வாது என்பது கலைப்புலத்தின் எழுதப்படாத விதியாதலாலும், அவ்விதியில் பழகிக்கொள்ள இதைவிட மலிவான வாய்ப்பு வேறில்லை என்பதாலும், மாமா அவர்கள் தொலைபேசியில் அடுக்கிய வினாக்களுக்கான விடைகள் இம்மடலில் படர்க்கையிலேயே தரப்படுகின்றன. 'மருமகன்' என்று வரும் இடமெல்லாம் மாமா அவர்களின் தமக்கையுடைய இளைய மகனையே குறிக்கும்.

படிப்பின் பெயர் என்ன, படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது முதல் வினா. இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், மொழி ஆகியவற்றை ஆராயும் துறைகள் அனைத்தையும் ஜெர்மானியர் 'கைஸ்டஸ்விஸன்ஷாஃப்டன்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். இதில் 'விஸன்ஷாஃப்ட்' என்பது அறிவியல். 'கைஸ்ட்' என்பது மனம், அறிவு, ஆன்மா ஆகியவற்றோடு பேய்க்கும் பொதுவாக வழங்கும் சொல். ஆகவே கல்யாண வீட்டுப் பந்தியில் பையன் என்ன படிக்கிறான் என்று எவரேனும் கேட்டால், பேயறிவியல் என்று மாமா அவர்கள் கூறுவது மொழிபெயர்ப்பு முறைப்படி முழுப் பிழையாகாது. வினாவின் பிற்பகுதியாகிய வேலை பற்றித் துறையின் பேராசிரியர்களே துணிந்து ஏதும் கூறுவதில்லை.

இதை ஹாலேயில் வந்துதான் படிக்க வேண்டுமா என்பதற்கான விடை, மாமா அவர்கள் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வந்த வழியிலேயே கிடக்கிறது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிஷ் புளூச்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கினர்; அவர்களுக்குப் பின்னிருந்து ஊக்கியதும், அவர்கள் எழுதிய கடிதங்களை அச்சிட்டு ஐரோப்பாவெங்கும் பரப்பியதும், தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து அனுப்பியதும் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்பவர் ஹாலேயில் நிறுவிய அறநிலையம். அங்கிருந்து வந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் போலப் பருத்திருந்தமையால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தனர் என்பதும், காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றிலேயே ஓர் ஆலை எழுந்தது என்பதும் அச்சு வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. மாமா அவர்களின் ஊரில் ஒரு காலத்தில் காகிதம் செய்தார்கள் என்பதை மருமகன் அறிந்துகொண்டது ஹாலேயில்தான்.

ஆயினும் மருமகனை இங்கு இழுத்துவந்தது வேறொன்று. பாதிரிமார் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்கு வினாக்களை எழுதி அனுப்பி, அவர்கள் ஓலையில் எழுதித் தந்த விடைகளை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர்; 'மலபார்க் கடிதங்கள்' என்று அவை பெயர்பெற்றன. அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் மலபார் என்றே குறித்தமையால் வந்த பெயர் இது, கேரளத்தோடு தொடர்பில்லை. அவற்றின் தமிழ் மூலம் கிடைக்காத நிலையில், தரங்கம்பாடிப் பக்கத்து மனிதர் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் சாமியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் என்ன சொன்னார் என்பதை அதே பக்கத்துப் பையன் அறிய வேண்டுமானால், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஜெர்மன் கற்று, ஜெர்மனில்தான் படித்தாக வேண்டும். இதற்கு மாமா அவர்கள் தலையில் அடித்துக்கொண்டால் அது நியாயமே.

புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தங்களில் மூன்று மட்டுமே சொல்லத் தக்கவை. இந்திய மாணவரின் சான்றிதழ்கள் மெய்யானவையா என்று ஆராய்ந்து சொல்லும் ஒரு சான்றிதழை 2022 நவம்பர் முதல் ஜெர்மனி கட்டாயமாக்கியுள்ளது. சான்றிதழுக்குச் சான்றிதழ் என்னும் இவ்வேற்பாட்டுக்குக் கட்டணம் 18,000 ரூபாய். அடுத்தது முடக்கக் கணக்கு. ஓராண்டுச் செலவுக்குரிய 11,904 யூரோவை, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை, மாணவரே முன்கூட்டி ஒரு கணக்கில் போட்டு, மாதம் 992 யூரோ வீதம் தம் பணத்தைத் தாமே சம்பளம்போல் வாங்கிக்கொள்வது அதன் இயல்பு. மாமா அவர்கள் ஜாமீன் கையெழுத்திட்ட கடன் எங்கே போயிற்று என்ற வினாவுக்கும் விடை இதுவே. பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதை அக்காவிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாகிய நோக்கக் கடிதம்தான் மருமகனை மிகவும் வாட்டியது. விண்ணப்பிப்பவர் ஏன் இத்துறையை, ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தார், அவரிடம் உள்ள சிறப்பு யாது என்பதை இரண்டு பக்கத்தில் விளக்கும் இவ்வாவணத்தில் தற்புகழ்ச்சி குற்றமன்று. அது இல்லாமையே குற்றம். சிறு வயது முதல் மாமா அவர்களிடம் குட்டு வாங்கி வளர்ந்த ஒருவனுக்குத் தன்னைத் தானே மெச்சி இரண்டு பக்கம் எழுதுவது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இறுதியில் கைகொடுத்தது நன்னூல். புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று அது விலக்களிக்கும் நான்கு இடங்களில் முதலாவது, அரசவைக்கு ஓலை விடுக்கும் இடம். பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவை அரசவையாகக் கொண்ட பிறகு பேனா தயங்கவில்லை. பவணந்தியாரின் அந்நூலை மருமகனுக்கு அடித்துப் பாடம் சொன்னவர் மாமா அவர்களே ஆதலால், இந்த இடம் கிடைத்ததில் அவருக்கும் பங்குண்டு.

இனிக் குடியேற்றம். ஜெர்மன் படிவம் ஒவ்வொன்றிலும் முற்பெயருக்கு ஒன்றும் குடும்பப் பெயருக்கு ஒன்றுமாக இரு கட்டங்கள் உள. இரண்டும் நிரம்பினாலன்றிப் படிவம் நகராது. ஊரில் ஒற்றைத் தலைப்பெழுத்தாகப் புள்ளி வைத்து அடங்கிக் கிடந்த தந்தையின் பெயர், கடவுச்சீட்டில் முழுமையாக விரிந்து, இங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி அமர்ந்துவிட்டது. மரியாதைக்குக் குடும்பப் பெயரால் அழைப்பதே இந்நாட்டு வழக்காகையால் பேராசிரியரும் வங்கியாரும் பல் மருத்துவரும் 'ஹெர்' என்னும் அடைமொழி சேர்த்து மாமா அவர்களின் அத்தானைத்தான் கூப்பிடுகின்றனர். மயிலாடுதுறையைத் தாண்ட மனமில்லாத, பேருந்தில் சன்னலோரம் கிடைக்காவிட்டால் இறங்கிவிடுகிற அம்மனிதர், ஆவணங்களின்படி ஹாலேயில் முதுகலை முதற்பருவம் படித்துக்கொண்டிருக்கிறார். மூன்று நூல்களைத் தவணை கடந்து வைத்திருந்தமைக்காக அவர் பெயருக்குத் தண்டத்தொகை அறிவிப்பும் வந்துள்ளது. இச்செய்தியை அவரிடம் எவ்வளவு சொல்வது என்பது மாமா அவர்களின் பொறுப்பு.

வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் சான்றின் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. சொற்களை ஒட்டி ஒட்டி நீட்டும் இவ்வழக்கம் புணர்ச்சி விதிகளில் வளர்ந்தவருக்குப் புதிதன்று என்றாலும், மூச்சு வாங்கும் இடம் தெரிய ஒரு மாதம் ஆனது. பதிவு முடிந்த சில நாளில் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ செலுத்துமாறு கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்பது அதற்கு விடையாகாது. குப்பையைக் காகிதம், பொதியுறை, காய்கறிக் கழிவு, எஞ்சியவை எனப் பகுத்துப் போட வேண்டும் என்பதும், ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும் என்பதும் எல்லாரும் எழுதுவனவே. எவரும் எழுதாதது மிக்ஸியைப் பற்றியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிறு முழுவதும், பிறர் காதில் விழும் ஒலி எழுப்பலாகாது என்பது இங்கு நடப்பு. மூன்று ஜார் கொண்ட மிக்ஸி தேங்காய்ச் சட்டினி அரைக்கும் ஓசை ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான்கு மாடிக்கும் கேட்டது. அடுத்த வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி, சுவர் துளைக்கும் வேலையைத் திங்களன்று வைத்துக்கொள்ளலாகாதா என்று பணிவோடு கேட்டார். அது முதல் சட்டினி சனிக்கிழமை மாலையிலேயே அரைக்கப்பட்டு, போர்வையில் சுற்றிய மிக்ஸியின் மேல் மருமகன் குனிந்து நிற்க, குற்றம் செய்வது போன்ற பாவனையில் முடிகிறது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. தமிழில் பால் பொருளைத் தொடரும். மக்கள் உயர்திணை, அல்லாதவை அஃறிணை என்று தொல்காப்பியர் பிரித்ததோடு வழக்கு தீர்ந்தது. ஜெர்மனிலோ மேசைமேல் உள்ள கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத மூன்றாம் பால். சிறுமியைக் குறிக்கும் சொல்லும் கத்தியோடு சேர்ந்து அஃறிணையில் நிற்கிறது. எட்டின் பாதி என்றால் ஏழரை. வகுப்பு 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு சிறிய எழுத்துகள் இட்டிருந்தால் 10.15க்குத் தொடக்கம் என்று பொருள். தாமதத்துக்கு அதிகாரபூர்வக் குறியீடு வைத்திருக்கும் இவ்வொரு செயலுக்காக இந்நாட்டவரின் மற்றெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான இடர் கையெழுத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியர் எழுதியது 'குர்ரென்ட்' எனப்படும் சாய்ந்த கோட்டெழுத்து. அதில் 'எ' என்னும் எழுத்தும் 'ன' என்னும் எழுத்தும் ஏறக்குறைய ஒரே வடிவின. 'உ' கூட அவற்றைப் போன்றதே ஆதலால் அதன் தலையில் ஒரு சிறு வளைவு இட்டு வேறுபடுத்தினர். பெயரிடுதல் என்னும் பொருள் தரும் 'நென்னென்' என்ற சொல்லை எழுதினால் அது சொல்லாகவே தோன்றாது. ரம்பத்தின் பற்களே காகிதத்தில் தெரியும். மருமகன் முதல் வாரம் முழுவதும் ஒன்றேகால் பக்கம் படித்தான். ஆனால் இதைக் கண்டு ஜெர்மானியரைக் குறைகூறத் தமிழருக்கு உரிமையில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். கொம்பும் ககரமும் காலும் அடுத்தடுத்து நின்றால் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு வகையாகப் படிக்கலாம். இதே மயக்கத்தில் சிக்கிய சீகன்பால்கு, 24 வயதை ஒட்டிய பருவத்தில், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு சம்மணமிட்டு மணலில் விரலால் எழுதிப் பழகினார். மருமகனுக்கு மணல் கிடைக்கவில்லை. ஆவணக் காப்பகத்துக்குள் பேனாவுக்கு இடமில்லாமையால் பென்சிலும் அழிப்பானும் உண்டு.

எப்போது முடித்துத் திரும்புவான் என்பது கடைசி வினா. நான்கு பருவம், அதாவது இரண்டாண்டு என்பது ஏட்டுக் கணக்கு. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி 1713இல் எழுதி முடித்த பெருநூலை அச்சிட ஹாலேயில் இருந்த ஃபிராங்கே இசையவில்லை. ஆசிரியர் 1719இல் மறைந்த பின்னும் நெடுங்காலம் கிடந்த அது, 1867இல் சென்னையில் அச்சேறியது. 154 ஆண்டுத் தாமதம் முன்னுதாரணமாக இருக்கும் இத்துறையில், ஓரிரு பருவம் கூடுதலானால் மாமா அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் இரு நாட்டு நேர வேறுபாடு நான்கரை மணி. மாமா அவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டு அழைக்கையில் ஹாலேயில் நள்ளிரவு பன்னிரண்டரை.

சுண்டைக்காய் வற்றலும் மிளகாய்ப்பொடியும் அனுப்புவதானால், 45 யூரோ மதிப்புக்கு உட்பட்ட அன்பளிப்புக்குச் சுங்கவரி இல்லை. நெய் கூடாது. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளின் கதவுகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது. அஞ்சற்பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்தே தபால்காரர் போடுவார். ஆகையால் பொட்டலத்தின் மேல் மருமகனின் பெயர் விட்டுப்போனாலும் போகட்டும். அத்தானின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மருமகன்