குளிக்காத அருவி, துப்புகிற ஒயின்

அருவிக்கும் திராட்சைக்கும் ஜாதகம் பொருந்துவதில்லை. அருவிக்கு உச்சம் ஆடி, ஆவணி. திராட்சைக்குத் தை, மாசி. நாசிக்கிலும் பெங்களூரைச் சுற்றியும் புரட்டாசி, ஐப்பசியில் கொடிகளைக் கவாத்து செய்கிறார்கள்; ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. அந்த மாதங்களில் போனால் அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறையும், ‘ஆழமான பகுதி, எச்சரிக்கை’ என்ற பலகையும்தான் இருக்கும். அருவி கொட்டும் மாதத்தில் போனால் கொடியில் இலையைத் தவிர ஒன்றுமிருக்காது. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்து வைக்கிறேன் என்று கிளம்புகிறவன் கல்யாணத் தரகனாகப் பிறந்திருக்க வேண்டியவன்.

எங்கள் வீட்டில் அந்தத் தரகன் என் மச்சினன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எந்த லாரி எந்தக் கிழமை எந்த கேட்டில் நுழைய வேண்டும் என்று எக்செல்லில் கட்டம் போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டத்துக்குள் எங்களைப் போட்டுப் பார்ப்பான். அமெரிக்காவில் யாரோ காலையில் அருவி, சாயங்காலம் ஒயினரி என்று காரில் சுற்றுவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, திருநின்றவூர் வீட்டுக் கூடத்தில் நின்று அறிவித்தான்: “மாமா, நாமளும் போறோம். அருவி ப்ளஸ் ஒயின்.”

பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தினார். “ஒயின்ஷாப்புக்குக் குடும்பத்தோட போற வழக்கம் எப்பலேர்ந்து?”

“ஒயின்ஷாப் இல்லம்மா. திராட்சைத் தோட்டம். சுத்திக் காட்டுவாங்க. அப்புறம் அஞ்சாறு கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தித் தருவாங்க. மோந்து பார்க்கணும், வாயில வெச்சு சுழட்டணும். வேணாம்னா பக்கத்துல பக்கெட் இருக்கும், துப்பிடலாம்.”

“அதுக்குக் காசா?”

“ஆமா.”

“எவ்ளோ?”

சொன்னான். மாமியார் ஒரு கண்ணி பூவை முடித்துவிட்டுச் சொன்னார்: “அந்தக் காசுக்கு வெத்தலை பாக்கு வாங்கினா ஒரு வருஷம் துப்பலாம்.”

முதல் திட்டம் நாசிக். அருவியும் ஒயினும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஊர் இந்தியாவில் அதுதான். கலிபோர்னியாவில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சாமந்த் என்பவர் கங்காபூர் அணைப் பக்கம் திராட்சை நட்டு, சுலா என்று பெயர் வைத்து, 2000-ல் முதல் ஒயினை விற்றார். 2005-ல் ருசி பார்க்கும் கூடமும் திறந்தார். கோதாவரி அங்கேதான் சோமேஸ்வரில் பாறை மேல் விழுகிறது. எல்லாம் சரி. திருநின்றவூரிலிருந்து காரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதுதான் இடித்தது. என் மனைவி ஒரே கேள்வியில் அதை முடித்தாள்: “போறப்ப வழியில யாரு வீட்ல தங்குறது?” மகாராஷ்டிரத்தில் எங்களுக்குச் சொந்தம் கிடையாது. சொந்தம் இல்லாத திசையில் எங்கள் குடும்பம் பயணம் செய்ததாக வரலாறும் கிடையாது.

இரண்டாம் திட்டம்தான் கௌரவமான திட்டம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலை. வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர். பெங்களூரைத் தாண்டி மைசூர் ரோட்டில் சன்னபட்டணம். மரப்பொம்மைக்குப் பேர்போன அந்த ஊரில் ஒரு ஒயினரி. அடுத்து மத்தூர், அங்கே வடை. மளவள்ளி வழியாகத் திரும்பினால் சிவனசமுத்திரம். காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு இடத்தில் விழுகிறது. 1902-லேயே அங்கே மின்சாரம் எடுத்து, மைசூர் அரண்மனைக்குக்கூடக் கொடுக்காமல், முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

மச்சினன் கட்டத்தில் ஆம்பூரைப் பச்சை நிறத்தில் குறித்திருந்தான். பயணத் திட்டம் என்று தமிழ்நாட்டில் எதைப் போட்டாலும் அதற்குள் ஆம்பூர் பிரியாணி புகுந்துவிடும். கன்னியாகுமரிக்குப் போவதாகத் திட்டம் போட்டாலும் யாராவது ஒருவர் ஆம்பூர் வழியாகப் போனால் என்ன என்று கேட்பார்.

சிக்கல் அருவியில் வந்தது. சிவனசமுத்திரம் பொங்குவது கர்நாடக அணைகள் நிரம்பி, அங்கிருந்து தண்ணீர் திறக்கும்போதுதான். அதாவது அருவியைப் பார்க்க நல்ல நாள் எதுவென்று பஞ்சாங்கத்தில் பார்த்துப் பயனில்லை. செய்தித்தாளில் ‘வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று வருமே, அந்தப் பெட்டிச் செய்தியில் பார்க்க வேண்டும். நான் அதைச் சொன்னதும் மச்சினன் யோசித்தான். “அப்ப அதே தண்ணிதானே மாமா அப்பால மேட்டூருக்கு வரும்? நம்ம தண்ணிய நாம ஏன் அவ்ளோ தூரம் போய்ப் பார்க்கணும்? வரட்டும், மேட்டூர்லயே பார்த்துக்கலாம்.” நடுவர் மன்றத்தில்கூட இந்த வாதத்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ககனசுக்கியில் குளிக்க முடியாது. எதிர்க்கரையில் மேடை கட்டியிருக்கிறார்கள், அங்கே நின்று பார்க்கலாம். இதை நான் மாமியாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. “குளிக்காம என்னாத்துக்கு அருவி?” என்றார். இதில் அவர் கட்சிதான் நானும். வெள்ளைக்காரனுக்கு அருவி என்பது கண்ணுக்கு. எதிரே நின்று பெருமூச்சு விட்டு, படமெடுத்து, சாண்ட்விச் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். நமக்கு அருவி என்பது உச்சந்தலைக்கு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் முதுகில் நம் சோப்பு நுரை படிய, பாறையில் கட்டிய கம்பியைப் பிடித்தபடி அரை நிமிஷம் மூச்சுத் திணறினால்தான் அருவிக்குப் போனதாகக் கணக்கு. துண்டு நனையாமல் அருவியிலிருந்து திரும்புவது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவதற்குச் சமம்.

ஆக, பார்த்துவிட்டுக் குளிக்காமல் வர ஓர் அருவி, வாயில் வைத்துவிட்டு விழுங்காமல் துப்ப ஒரு ஒயின். இதற்கு ஆகும் டீசல் செலவை மச்சினன் சிவப்பு நிறத்தில் குறித்திருந்தான்.

ஓட்டுவது யார் என்ற கேள்வியும் இருந்தது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் மதுவைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. எங்கள் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர்கள் இரண்டே பேர். மச்சினன், நான். “மாமா, நீங்க துப்புங்க, நான் முழுங்குறேன்” என்று பெருந்தன்மையோடு முன்வந்தான். தம்பி முழுங்குவதையும் கணவன் துப்புவதையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்க்க என் மனைவிக்கு விருப்பமில்லை.

கிட்டத்தில் ஏதாவது பார்ப்போம் என்று மூன்றாம் திட்டம் வடக்கே திரும்பியது. திருவள்ளூர், பூண்டி ஏரிக்கரை, ஊத்துக்கோட்டை. எல்லை தாண்டினால் ஆந்திரம். நாகலாபுரத்தைக் கடந்து நாராயணவனம் பக்கம் கைலாசகோனா அருவி. எங்கள் பக்கத்துப் பையன்கள் பைக்கில் போய்க் குளித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற தூரம். அருவி சரி, ஒயின்? அந்த வழியில் திராட்சைத் தோட்டம் கிடையாது. “அந்த வழியில குடிச்சவரு ஒருத்தர்தான், சுருட்டப்பள்ளி ஈஸ்வரன். ஆலகால விஷத்தைக் குடிச்சுட்டு அம்பாள் மடியில தலை வெச்சுப் படுத்திருக்காரு. அவரு உலகத்தைக் காப்பாத்தக் குடிச்சாரு. உங்களுக்கு என்னா கேடு?” என்றார் மாமியார். மூன்றாம் திட்டம் அங்கேயே படுத்தது.

இத்தனை திட்டத்துக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் ஓர் அங்குலம் நகரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் பூசலார் நாயனார் ஊர். கையில் காசில்லாமல், கல்லும் மரமும் வாங்காமல், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். காஞ்சியில் பல்லவ ராஜா நிஜமாகவே கற்றளி கட்டி அதே நாளைக் குறித்திருந்தார். சிவன் ராஜாவின் கனவில் வந்து, அன்றைக்கு நான் நின்றவூருக்குப் போகிறேன், உன் விசேஷத்தை வேறு நாளைக்கு மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார் என்கிறது பெரியபுராணம். இருதயாலீசுவரர் கோயில் என்று அதற்கு இன்றைக்கும் கோயில் இருக்கிறது. மனசுக்குள் கட்டியதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்த ஊரில் எக்செல்லில் கட்டியதற்குக் கொஞ்சமாவது கிடைக்காதா என்பது மச்சினன் கட்சி.

பொருத்தம் கடைசியில் தேனியில் அமைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளி அருவிக்குப் போகிற வழியில் சுருளிப்பட்டி என்று ஓர் ஊர். ரோட்டின் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இதன் விசேஷம், ஜாதகம் பார்க்கவே வேண்டாம். வருஷம் முழுக்க அறுவடை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும், பக்கத்துத் தோட்டத்தில் காய் பிடித்திருக்கும், அதற்கடுத்ததில் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். 1895-ல் பென்னிகுவிக் முல்லைப்பெரியாற்றில் அணை கட்டி, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் செழித்த பள்ளத்தாக்கு. அருவியில் குளிக்கலாம், சுருளி தீர்த்தம் என்பதால் புண்ணியமும் உண்டு. யானை வந்தாலோ வெள்ளம் வந்தாலோ வனத்துறை தடை போடும், அது தனி.

ஒயின்தான் ருசி பார்க்கக் கிடைக்காது. ரோட்டோரத்தில் திராட்சைச் சாறு கிடைக்கும். “அதையும் கிளாஸ்ல சுழட்டிக் குடிக்கலாம்” என்று மச்சினன் இறங்கி வந்தான். துப்ப வேண்டியது விதையை மட்டும் என்பதால் மாமியாரும் சம்மதித்தார்.

கார் வேண்டாம், ரயில் என்று முடிவானது. சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிநாயக்கனூருக்கு ராத்திரி வண்டி இருக்கிறது. 2023 ஜூனிலிருந்து ஓடுகிறது. அது காட்பாடி வழியாகப் போகிற வண்டி. அதாவது எங்கள் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும், எங்கள் ஊரில் நிற்காது. அதைப் பிடிக்க நாங்கள் மூட்டை முடிச்சோடு லோக்கலில் எதிர்த்திசையில் சென்ட்ரல் போய், ஏறி, அதே தண்டவாளத்தில் எங்கள் வீட்டைக் கடந்து போக வேண்டும். மச்சினன் கொதித்தான். மனு எழுதுவேன் என்றான்.

“இந்த ஊரை நிக்காம தாண்டிப் போறது புதுசாடா?” என்றார் மாமியார். “திருமங்கையாழ்வாரே பாடாம தாண்டிப் போய்ட்டாரு. தாயார்தான் பெருமாளை விரட்டி, பின்னாடியே போய் ஒரு பாட்டு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிச்சாங்க. பக்தவத்சலப் பெருமாளே மகாபலிபுரம் வரைக்கும் போய்த்தான் வாங்கினாரு. நீ சென்ட்ரல் போறதுக்கு என்னா?”

மனு கைவிடப்பட்டது. டிக்கெட் போட்டாயிற்று. கட்டத்தில் புதிதாக ஒரு கேள்வியை மாமியாரே சேர்க்கச் சொன்னார்: அருவியில் குளித்துவிட்டு ஆறு பேரின் ஈரத்துணியோடு ரயில் ஏற முடியாது, எங்கே காயப்போடுவது?

மச்சினன் சுருளிப்பட்டியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஏக்கர் கணக்கில் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல், நல்ல வெயில்.

“தோட்டக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் மாமியார். “கிளிப் மட்டும் எடுத்துக்கோ.”