பெப்ரவரிக்கு ஒரு பேச்சாளர்

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு கிடங்கு இருந்தால் அதில் ஒரு விழாக்குழு இருக்கும். விழாக்குழு இருந்தால் அதில் ஒரு தமிழர் இருப்பார். அவரை யாரும் தெரிவு செய்வதில்லை. என்றோ ஒரு பொங்கலுக்கு வாழையிலை தேடிக்கொண்டுவந்து கொடுத்திருப்பார், அவ்வளவுதான் அவர் செய்த பிழை. அன்றிலிருந்து மேசை இழுத்துப் போடுவது, பலூன் ஊதுவது, மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்வது எல்லாம் அவர் தலையில் விழுந்துவிடும்.

எங்கள் கிடங்கில் அவரை விழாக்குழு அண்ணை என்போம். ஊரில் வாசிகசாலைக்கு உபசெயலாளராக இருந்தவர். செயலாளராக வரவேண்டிய வருடத்தில் இடப்பெயர்வு வந்துவிட்டது. அந்தக் குறையைத்தான் லஞ்ச் ரூமில் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

பெப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்பது அவருக்கு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மூன்றாம் திகதி அளவில்தான் தெரியவரும். கனடா முழுவதும் 1996 இலிருந்து தவறாமல் அதே மாதத்தில் வருகிற ஒன்று இவருக்கு மட்டும் எப்படித் திடீரென்று வருகிறது என்று கேட்கக்கூடாது. குளிர்கால டயர் மாற்றுவதும் எங்களுக்கு அப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் ஜனவரியைச் சொல்லாமல் விட்டால் அண்ணைக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். ஒன்ராறியோ 2014 இல் சட்டமாக்கியது, ஒட்டாவா நாடாளுமன்றம் 2016 இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே எச்ஆரிலிருந்து ஒரு பிள்ளை வந்து, அண்ணையே பேசவேண்டும் என்று கேட்டது. இருபது நிமிடம், சம்பளம் இல்லை, உற்சாகமாக இருக்கவேண்டும், அரசியல் வேண்டாம். அண்ணை மூன்று நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். "ரெண்டாயிரம் வருசத்தை இருபது நிமிசத்துக்குள்ளையோ? பட்டதெல்லாத்தையும் விட்டுப்போட்டு என்னத்தைத் தம்பி கதைக்கிறது, வடையைப் பற்றியோ?"

கடைசியில் வடையைப் பற்றித்தான் பேசினார். நல்ல கைதட்டல்.

பெப்ரவரிக் கூட்டம் அவர் தலைமையில் கூடியது. விழாக்குழுவில் நான், ஒரு பஞ்சாபிப் பெண்மணி, கூட்டம் முடியும்வரை போனிலேயே இருக்கும் ஒரு போர்க்லிப்ட் ஓட்டுநர். பேச்சாளர் எதைப் பற்றிப் பேசுவார் என்பது அண்ணையின் கவலை அல்ல. நோட்டீசில் போட ஒரு பட்டம் வேண்டும், படம் தெளிவாக இருக்கவேண்டும், பொன்னாடை போர்த்தினால் வாங்கிக்கொள்ளவேண்டும். முதல் பெயராக ஒபாமாவை எழுதினார். "ரொறன்ரோவுக்கு வந்து போறவர்தானே. கேட்டால்தானே தெரியும்."

இரண்டாவது பெயர் ஜீன் ஓகஸ்ரின். இதை நான்தான் சொன்னேன். கிரனடாவில் பிறந்து, 1960 இல் வீட்டுப் பணிப்பெண்ணாக இங்கே வந்து, பிறகு ஆசிரியையாகி, 1993 இல் கனடிய நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண். 1995 டிசம்பரில் இந்த மாதத்துக்கான தீர்மானத்தை அவர் கொண்டுவர, சபை ஒருமனதாக ஏற்றது. அவருடைய தொகுதி எங்கள் எட்டோபிக்கோவின் தெற்குக் கரைதான். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிட்டத்தான் இருக்கிறா. பெற்றோல் காசு குடுத்தால் காணும்" என்றார்.

அழைப்பு அனுப்பவில்லை. ஒன்பது நாள்தான் இருந்தது.

பிறகு அவர் கண் கிடங்குக்குள் திரும்பியது. இது ஆபத்தான கட்டம். முதலில் அகப்பட்டவர் கானாவிலிருந்து வந்து நான்கு வருடமான பொதியிடும் பகுதித் தம்பி. கனடாவின் கறுப்பின வரலாறு எனக்குத் தெரிந்ததெல்லாம் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தில் இருந்ததுதான், நீங்களும் அதைத்தானே படித்தீர்கள் என்று அவன் மரியாதையாகக் கேட்டான். அண்ணை அந்தப் பரீட்சையைப் பாடமாக்கி எழுதி, வெளியே வந்ததும் மறந்தவர். அடுத்தவர் சோமாலியச் சகோதரர். நோன்பு இப்போது பெப்ரவரிக்குள் வந்துவிட்டதே, மத்தியானச் சாப்பாட்டோடு விழா வைத்தால் நான் என்ன செய்வது என்று கேட்டார். அண்ணை தலையில் கைவைத்தார். பேச்சாளர் போனாலும் பரவாயில்லை, ஜமேக்கன் பற்றீசுக்கு ஓடர் கொடுத்தாயிற்று. (அது நம்மூர்ப் பற்றீசின் ஒன்றுவிட்ட சகோதரம் என்பது அண்ணையின் நெடுநாளைய ஆய்வு.)

கடைசியில் அல்பியன் நூலகத்தில் என் மகளுக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அகப்பட்டார். ஜமேக்காவில் பிறந்தவர். அண்ணை போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். இருபது நிமிடம், உற்சாகமாக இருக்கவேண்டும், அரசியல் வேண்டாம். எச்ஆர் பிள்ளை சொன்ன அதே வரிசை, அதே குரல்கூட. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சலனமும் இல்லை.

அந்த அம்மா சம்பளத்தைக் கேட்டார். அண்ணை நூறு டொலரும் இருபத்தைந்து டொலர் ரிம் ஹோற்றன்ஸ் கார்ட்டும் என்றார். மறுமுனையில் ஒரு சிரிப்பு. பெப்ரவரியில் எனக்குப் பதினொரு அழைப்பு, மற்றப் பதினொரு மாதமும் போன் அடிப்பதே இல்லை, ஆனபடியால் பெப்ரவரியில் நான் மலிவாக வரமாட்டேன் என்றார். முந்நூறில் முடிந்தது. பேரத்தில் தோற்ற எரிச்சலில் அண்ணை, வருடத்திலேயே கட்டையான மாதத்தை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டுவைத்தார். 1926 இல் கார்ட்டர் வூட்சன் அமெரிக்காவில் இதை ஒரு வாரமாகத் தொடங்கியபோது லிங்கனுக்கும் பிரெடரிக் டக்ளசுக்கும் பிறந்தநாள் கொண்டாடப்படும் வாரத்தைப் பிடித்தார், அது பெப்ரவரியில் விழுந்தது என்று பொறுமையாகப் பதில் வந்தது.

விழா நாள். பொன்னாடை போர்த்தியாயிற்று. மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தை அண்ணை பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார். அந்த அம்மா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டமாதிரி தலையசைத்துவிட்டு, டாக்சியில் தொடங்கினார். கென்ரக்கியில் அடிமையாக இருந்து தப்பிவந்த தோண்ரன் பிளாக்பேர்ண் 1837 இல் ரொறன்ரோவில் ஓடவிட்ட குதிரை வண்டிதான் இந்த நகரத்தின் முதல் டாக்சி என்றார். வார இறுதியில் பியர்சன் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டும் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நாளில் டாக்சி பிளேட் என்ன விலை என்று ஒருவர் கேட்டார்.

அடுத்தது வயோலா டெஸ்மண்ட். 1946 இல் நோவா ஸ்கோசியாவில் ஒரு தியேட்டரின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தவரை இழுத்துக்கொண்டுபோய் ஓர் இரவு சிறையில் வைத்தார்கள். குற்றம், மேல்மாடி ரிக்கற்றுக்கும் கீழ்த்தள ரிக்கற்றுக்கும் இடையிலான ஒரு சதம் வரி. 2018 இலிருந்து அவர் படம் பத்து டொலர்த் தாளில் இருக்கிறது என்றதும் அண்ணை உற்சாகமாகித் தன் பேர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சபைக்குள் விட்டார். அது கைமாறிக் கைமாறிப் பின்வரிசைவரை போனது. திரும்பி வரவில்லை.

பிறகு ரயில் போர்ட்டர்கள். உறங்கும் பெட்டிகளில் வேலைசெய்த கறுப்பின ஆண்களைப் பயணிகள் பெயர் கேட்காமல் எல்லோரையும் "ஜோர்ஜ்" என்றே கூப்பிட்டார்களாம், பெட்டிகளின் முதலாளி ஜோர்ஜ் புல்மனுடைய பெயரால். கோப்பி மெஷின் பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் நின்றார். அவருக்கு நாங்கள் எல்லோரும் சிவா. சிவபாலனும் சிவா, சிவகுருநாதனும் சிவா, பெயரில் எங்குமே சிவன் இல்லாத நானும் சிவா. ஒருவரும் சிரிக்கவில்லை. மைக்ரோவேவ் மட்டும் பீப் அடித்தது.

அண்ணை பதறிப்போனார். இது அரசியலா இல்லையா என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. வாசிகசாலைப் பழக்கத்தில் கை தானாக ஒரு துண்டை எழுதி நீட்டியது. "நேரம் முடிந்தது." தமிழில். அந்த அம்மா வாங்கி, அழகான எழுத்து என்பதுபோல இரண்டு தரம் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் பேசினார்.

பின்னேரம் பார்க்கிங்கில் அண்ணை கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாற வருசம் மார்ச்சிலை வைப்பம்."

"மார்ச்சிலையோ? மாதம் முடிஞ்சிடுமே அண்ணை."

"குளிர்ச்சட்டை எப்ப மலிவு? ஏப்ரலிலை. அவ தானே சொன்னவ, மற்றப் பதினொரு மாசமும் ஒருத்தரும் கூப்பிடுறேல்லையெண்டு. மார்ச் முதலாம் திகதி கேட்டமெண்டால் நூறுக்கு வருவா. இன்னும் கனக்கக் கதையும் வைச்சிருக்கிறா." சுரண்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அந்தப் பத்து டொலர் ஆரிட்டைப் போனது?"